பூட்டுக் கடை

புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும் இடத்தில்
எட்டுக்குப் பத்து கடையொன்றைச் சித்திரையில் பிடித்தேன்.
கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒரு நாற்காலி,
உறை பிரிக்காத மின்விசிறி.
கேரளா பர்மிட், இ-வே பில், ஜெராக்ஸ்.
அரிசி மண்டியில் பதினோரு வருஷம்
பிறத்தியாருக்குப் போட்ட பில்லை
இனி எனக்காகப் போடுவது, அவ்வளவுதான்.

திறக்க வேண்டியது மட்டும் பாக்கி.

முதலில் பெயர் அமையவில்லை.
‘ஆவுடை ஆன்லைன்’ என்றால் தம்பி சிரிக்கிறான்.
‘பார்டர்’ என்று தொடங்கினால்
இந்த ரோட்டில் பரோட்டா எத்தனை என்று கேட்பார்கள்.
பிறகு போர்டு நீலமா பச்சையா.
பிறகு கன்னிமூலையில் பிரிண்டர் வரலாமா.
வைகாசியில் விட்டதை ஆனியில் பிடிக்கலாம் என்றேன்,
ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது.
ஆடியில் யார் கடை திறப்பார்கள்?
வாடகை மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்காமல்
ஒன்றாம் தேதியானால் கிளம்பிப் போய்விடும்.

கேட்டவர்களுக்கு, வேலை நடக்கிறது என்பேன்.
பொய்யில்லை.
ராத்திரி பதினொன்றுக்கு விலைப்பட்டியலை அடிப்பேன்,
அழிப்பேன், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவேன்.
அதற்குப் பயம் என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை.
பெயர் வைப்பதில் நான் மெதுவு.

ஆடி பன்னிரண்டு, செவ்வாய்.
சாவியைக் கொடுத்துவிட்டு
அட்வான்ஸில் பாதியாவது வாங்கிவரலாம் என்று
செங்கோட்டையில் பஸ் ஏறினேன்.
செக்போஸ்டுக்கு முந்தி, அந்த வளைவுக்கு அப்புறம்
என்று நான் தடுமாற,
“பூட்டுக் கடையா?” என்று சீட்டை நீட்டினார் கண்டக்டர்.

ஊர் என்னை முந்திக்கொண்டது.

இறங்கினால்
என் ஷட்டரில் முதுகைச் சாய்த்து
ஒருவர் ரம்புட்டான் விற்கிறார்.
ஆரியங்காவுக்காரர், தங்கச்சன்.
என் போர்டுக்கு அடித்த ஆணியில் அவருடைய தார்ப்பாய்.
என் ஷட்டரில் சாக்கட்டியால் அவர் கணக்கு:
கிலோ, பாக்கி, எந்த டிரைவரோ வைத்த கடன்.
“நாலு ஞாயிறா இவிடெத்தான் சேச்சி.
இது செத்த கடையல்லே, யாரும் வர மாட்டா.”

அங்கேயும் கர்க்கடகம் ஆகாத மாதம்தான்.
அவரிடம் போர்டு இல்லை, மேசை இல்லை.
மழை பெய்கிறது, பழம் அழுகும், விற்கிறார்.
என் சரக்கு அழுகாது.
அதுதான் என் கஷ்டமே.

“கொஞ்சம் நகருங்க” என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்டார்.
நானும் கேட்டுக்கொண்டேன்.

பூட்டு துருவேறியிருந்தது.
உள்ளே போன சாவி திரும்ப மறுத்தது.
வரிசையில் நின்ற வைக்கோல் லாரியிலிருந்து
கிளீனர் பையன் ஜாக்கி லீவரோடு குதித்தான்.
இரண்டு அடி. மூன்றாவதில் பூட்டு போனது.
தங்கச்சனின் கணக்கு முழுதும்
மேலே சுருண்டு மறைந்தது.
“அய்யோ, என்டெ பாக்கி!”
“சாயங்காலம் இறக்கும்போது பார்த்துக்கலாம்” என்றேன்.
சாயங்காலம் வரை இருக்கப் போகிறேன் என்று
என் வாயிலிருந்துதான் எனக்கே தெரிந்தது.

மூன்றரை மணி, நல்ல ராகுகாலம்.
நனைந்த வேட்டியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.
“பீரோச் சாவிக்கு மாத்துச் சாவி போடணும்.”
“சாவி போடுறதில்லைங்க.”
“பூட்டுக் கடைன்னாங்களே?”
நின்றார். கடையைச் சுற்றிப் பார்த்தார்.
வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாமென்று
சட்டைப்பையிலிருந்து ஆதாரை உருவினார்.
“அப்ப இதில ரெண்டு காப்பி.”

நாலு ரூபாய்.
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுகிறார்.
எழுத்தின் அளவுவரை யோசித்து வைத்தவளிடம்
சில்லறை இல்லை.

தங்கச்சன் கொடுத்தார்.
எழுதிவைக்க ஷட்டர் இல்லாததால்
உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.