கோப்புக் காட்சி

ஏ ரீம் ஆறு மணிக்கு இறங்கிப் போகும்.
ஆறரைக்கு நாங்கள் ஏறுவோம்.
இடையில் அரை மணி நேரம்
குளோரின் மணத்துக்கு மட்டும் ஸ்ரூடியோவில் அனுமதி.

ஸ்ரான்லி வீதி, மேல்மாடி.
கீழே பூட்டிய கடைகளுக்கு முன்னால்
நடுறோட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது,
றோட்டை எழுதி வாங்கினது மாதிரி.

வாகீசனைக் கண்டு முப்பத்தாறு நாள்.
அவன் ஏ, நான் பி.
அவன் இருந்த கதிரையின் சூடு ஆறினபிறகுதான்
நான் இருக்கலாம் என்பது சுற்றறிக்கை.
மிக்சர் ஓரத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டி
எழுதிவிட்டுப் போவான்:
'ரெண்டாம் மைக் இரையுது.'
'நூடில்ஸ் அலுமாரிக்குள்ள. எலி கவனம்.'
நான் கீழே எழுதுவேன்:
'எலி வெண்டிட்டுது.'

சுகிர்தா கோண்டாவிலில் இருந்து வாசிக்கிறா.
அலுமாரிக் கதவில் நீலப் படுக்கை விரிப்பு,
தையல் மெசினின் மேல் போன்,
அரிசி வாளியின் மேல் லைற்.
'வடமாகாணத்தில் இன்று புதிதாக' என்று தொடங்க
பக்கத்து வளவுச் சேவல் கூவும்.
இரவு ஏழு மணிக்கு.
அதுக்கும் நேரம் குழம்பிப் போச்சு.

மைக்கைக் கொக்கத்தடியில் கட்டினோம்.
முருங்கைக்காய்க்கு வாங்கினது
இப்ப ஆக்களின் குரலை எட்டிப் பறிக்குது.
நுனியில் சொப்பிங் பை, ஆளுக்கொன்று புதிசு.
சங்கக்கடை வரிசையில்
மா கிடைக்காமல் திரும்பின ஒருத்தியின் பதிலில்
பாதி காற்று, பாதி பை.
சரசரப்பை வெட்டினேன்.
அவவின் பெருமூச்சும் சேர்ந்து வெட்டுப்பட்டது.
திரும்ப ஒட்டினேன்.

புதுக் காட்சி இல்லாத நாளில் பழசு.
திருநெல்வேலிச் சந்தை, போன தை மாதம்,
பதினொரு செக்கன்.
வலது மூலையில் சின்னதாய்க் 'கோப்புக் காட்சி'.
எண்டாலும் போன் வரும்:
'பிள்ளை, உங்கட ரீவியில சனம் மாஸ்க் இல்லாமல்
முட்டி மோதிக்கொண்டு நிக்குது,
பொலிசுக்குச் சொல்லட்டோ?'
ஐயா, அது தை மாதம்.
அப்ப எங்களுக்கு வாய் இருந்தது.

அந்தப் பதினொரு செக்கனில்
நீலக் கோட்டுச் சேர்ட் போட்ட ஒருவர்
பூசணிக் கீற்றை எடுத்து மணப்பார்,
வைப்பார், திரும்ப எடுப்பார்.
வாங்கினாரோ தெரியாது.
அதுக்கு முதல் கட்.

சித்திரைக் கடைசியில் ஒரு மரண அறிவித்தல்.
'உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும்' வரைக்கும்
கை தானாக அடித்துவிடும்.
பிறகு நிற்கும்.
அனைவரும் வரக் கூடாது.
வீட்டில் இருந்தபடி ஏற்றுக்கொள்ளவும்.
கீழே சூம் இலக்கம், ரொறன்ரோ நேரம்.
'சிறுநீரக வருத்தம், கொரோனா இல்லை' என்று
ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள்,
அயலுக்காக.
மகன்: வாகீசன்.
படம் பிந்தித்தான் வந்தது.
நீலக் கோட்டுச் சேர்ட்.

சுகிர்தா வாசித்தா.
அன்றைக்குச் சேவல் கூவவில்லை என்று எழுதினால்
வடிவாக இருக்கும்.
கூவினது. ரெண்டு தரம்.

எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் மிக்சரில்
புது ரேப்:
'சந்தைக் காட்சியை மாத்திப்போடாத.
ஐயா நிக்கிறார்.'

கீழே எழுத இடம் இருந்தது.
எழுதவில்லை.
வெட்டாத ஃபைலைத் தேடி எடுத்தேன்.
கமரா: வாகீசன் என்றிருந்தது.

பன்னிரண்டாம் செக்கனில் அவர் நிமிர்ந்து
நேரே கமராவைப் பார்க்கிறார்.
பூசணிக் கீற்றை உயர்த்திக் காட்டி
'கொம்மா கேட்டவவோ?' என்கிறார்.
கமரா இடப்பக்கம் ஒருக்கா,
வலப்பக்கம் ஒருக்கா அசைகிறது.
சரியெண்டு வைத்துவிட்டு
கூட்டத்துக்குள் போகிறார்,
ஆரோ ஒருவரின் தோளில் கைபோட்டு விலத்திக்கொண்டு.

அன்றிரவு பத்தொன்பது செக்கன் ஓடியது.
எட்டு நிமிசத்தில் போன்:
'பிள்ளை, அந்த நீலச் சேர்ட்டுக்காரர்...'

ஓம் ஐயா, தெரியும், எண்டன்.