வீச்சு

காற்று வீசும். வலை வீசுவார்கள்.
ஒடுகத்தூர்ப் பக்கம் பசுவும் வீசும்.
"ஏழாம் மாசம் டாக்டரம்மா, கன்னு வீசிடுச்சு"
என்று குணபூஷணம் போனில் சொன்னபோது
மணி நாலரை. மலைப்பக்கம் இன்னும் இருட்டு.

கொட்டகை மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது.
குளம்புகள் மஞ்சளாய், மெழுகுபோல் மெத்தென்று,
தரையை ஒருமுறையும் மிதிக்காதவை.
தாய் அதைப் பார்க்கவில்லை.
என் பையைப் பார்த்தது.

நஞ்சு விழவில்லை.
நஞ்சு, நஞ்சுக்கொடி என்று
எத்தனை காலமாய்ச் சொல்கிறோம்,
அந்தச் சொல்லை நாங்கள் யாரும் நம்பியதில்லை.
கையுறை டப்பா போன மாதமே காலி.
இண்டெண்ட் போட்டாயிற்று, மூன்று நகல்.
தோள்வரை சோப்புத் தேய்த்துக்கொண்டு கையை விட்டேன்.
சட்டைப் பொத்தான்களை இருட்டில் கழற்றுவதுபோல்
ஒவ்வொன்றாய்.
தோலாய்த் தடித்து வந்தது, சீழ் நிறத்தில்.

எத்திராஜ் அதை வைக்கோலில் சுற்றினார்,
ஆலமரத்தில் கட்ட. கட்டினால் பால் வற்றாது.
"கட்டாதீங்க. நாய் இழுக்கும், காக்கா கொத்தும்,
தெரு பூரா வீசும். ஆழமாக் குழி, மேல சுண்ணாம்பு."
அவர் மரத்தைப் பார்த்தார்.
ஏற்கெனவே மூன்று மூட்டைகள் தொங்கின.
மூன்றில் எத்தனைக்குக் கன்று நின்றது என்று
நான் கேட்கவில்லை.

ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ரோஸ் பெங்கால்.
வெள்ளைத் தட்டில் கலந்து நாலு நிமிடம் ஆட்டவேண்டும்.
தொட்டில்போல் என்று பயிற்சியில் சொன்னார்கள்.
மூன்றாம் நிமிடம் ரோஜா நிறம்
பால் திரிவதுபோல் திரிந்தது.

மருந்து?
இல்லை.
தடுப்பூசி?
கிடேரிக் கன்றுக்கு மட்டும். இதற்கு வயது தாண்டிவிட்டது.
நஷ்ட ஈடு?
நான் பேனாவைத் தேடினேன்.

"அறுபத்தெட்டாயிரம் டாக்டரம்மா, குழுக் கடன்.
பொய்கையில வித்தவன் சினை மாடுன்னு
கற்பூரம் அணைச்சான். பொய்யில்லையே, சினைதானே.
நானும் ஒருதபா கற்பூரம் அணைச்சுட்டு வித்துடட்டா?"

பாலைக் காய்ச்சிக் குடிக்கவும்.
தனியாகக் கட்டவும்.
விற்கக் கூடாது.
சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
அவளிடம் இருப்பது ஒரே கொட்டகை, ஒரே முளை.
தனியாக என்றால் எங்கே என்று
அவளும் கேட்கவில்லை.

புரட்டாசியில் எனக்குச் சாயங்காலக் காய்ச்சல்.
பால் வண்டி வரும் நேரத்துக்கு ஏறும்,
விடிந்தால் யாருக்கோ வந்ததுபோல் இருக்கும்.
டைபாய்டு என்றார்கள். அப்புறம் ஓய்வு என்றார்கள்.
இடுப்பில் யாரோ முளை அடித்த வலி.
பதினேழாம் நாள் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திக்கொண்டு
என் ரத்தத்திலிருந்தே ஒரு சொட்டு வைத்து
தட்டை ஆட்டினேன்.
நாலு நிமிடம் தேவைப்படவில்லை.

ஆறு வார மாத்திரை. சிறுநீர் செங்காவி.
குணபூஷணம் முருங்கைக்கீரையோடு வந்தாள்.
கட்டிலருகே நின்று சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல்,
"உங்கள எந்தச் சந்தைக்கு ஓட்டுறதாம்?"
நானும் சிரித்தேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
மாடு எப்படி இருக்கிறது என்றேன்.
அவள் கீரையை உருவத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பொய்கைக்குப் போனேன்,
காதுத் தோட்டின் பன்னிரண்டு இலக்கங்களையும்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு.
டீக்கடை ஓரத்திலிருந்து தொடங்கி
காது காதாய்ப் படித்துக்கொண்டே நடந்தேன்.
"வாங்குறியாம்மா, சும்மா பாக்குறியா?" என்றான் ஒருவன்.
வெயில் ஏறியது. வியர்வையில் மை கலைந்து
எட்டு மூன்றாய், மூன்று வெறும் கறையாய்.

தோடு பிய்ந்து காது கிழிந்தவை
எண்ணியவரை பதினொன்று.
அவற்றில் ஒன்று
சித்தூர் வண்டியின் பலகையில் கால் வைக்க மறுத்து நின்றது,
பின்னால் மூன்று பேர் தள்ள.
திரும்பி
என் பையைப் பார்த்தது.