இரண்டு பக்கத்துக்குள்

இயக்குநர் குழு கேட்டிருந்தது:
கொள்கலன் தளத்தின் நிறை, குறை,
இரண்டு பக்கத்துக்குள், செவ்வாய்க்கு முன்.
மூன்றாண்டு உரிமக் கட்டணத்தை
ரூபாயில் எழுதினால் கண்ணை உறுத்தும்,
டாலரிலேயே இருக்கட்டும் என்றான் திபோ.

நிறை என்று தொடங்கினேன்.
எபெனில் எட்டாம் மாடி. கண்ணாடிக்கு வெளியே
மேகத்தில் பாதி மூழ்கிய கோர் தெ கார்த் மலை.

ஒன்று செத்தால் இன்னொன்றை எழுப்புகிறது,
எங்கள் யாரையும் எழுப்பாமல்.
முன்பெல்லாம் சர்வர் விழுந்தால்
விகாஷ்னி இரவு உடையோடு கார் ஓட்டி வருவாள்.
இப்போது காலையில் காபியோடு பார்க்கிறோம்:
இரவில் பதினொன்று செத்திருக்கின்றன,
பதினொன்று பிறந்திருக்கின்றன.
துக்கமும் இல்லை, தீட்டும் இல்லை.

கூட்டம் வந்தால் தானே பெருகுகிறது,
கலைந்தால் சுருங்குகிறது.
காவடியன்று ஏழு கறிச் சாப்பாடு போடும்
எங்கள் கோயில் சங்கத்துக்கு
இந்தக் கணக்கு வந்திருந்தால்
போன வருஷம் இலை பத்தாமல் போயிருக்காது.

குறை.
அதனோடு காலி இடத்தால் பேச வேண்டும்.
இரண்டு இடைவெளி விட்டால் ஓர் அர்த்தம்.
மூன்று விட்டால் பிழை.
நான்கு விட்டால், இதுதான் மோசம்,
பிழையென்றே சொல்லாமல் வேறோர் அர்த்தம்.
வெற்றிடத்துக்கு இலக்கணம் சொல்லித்தர
சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்தார்,
நாளொன்றுக்கு இவ்வளவு என்று.

இதையெல்லாம் எழுதலாம். எழுதினேன்.
பிப்ரவரியை எப்படி எழுதுவது?

புயல், மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை.
பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்குக் குறுக்கே டேப் ஒட்டி
மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.
போர்ட் லூயிஸ் அறையில் இயந்திரம் பேச்சை நிறுத்தியது.
தளம் பதறவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தது,
முப்பத்தெட்டையும் எபெனுக்கு அழைத்தது.
முகப்பு வந்தது. உள்நுழைவு வந்தது.
வணக்கம் சொல்லும் பக்கம் மூன்று மொழியில் வந்தது.
தரவுத்தளம் வரவில்லை.

வட்டு பொதுதான்;
பூட்டு மட்டும் பழைய இயந்திரத்தின் பேரில்.
அது செத்ததா, வாயடைத்துக் கிடக்கிறதா,
தளத்துக்குத் தெரியாது.
தெரியாதபோது பிடியை விடாது.
விட்டால் இரண்டு கை ஒரே பேரேட்டில் எழுதிவிடும்.
நியாயம்தான். அந்த நேரத்தில்
நியாயத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

நினைவில்லாதவை போன இடத்தில் பிழைத்துக்கொண்டன.
நினைவுள்ளது ஒன்றுதான்
பழைய வாசலில் நின்றுகொண்டிருந்தது.

பலகை முழுக்கப் பச்சை.
தொண்ணூற்றேழு சதவீதம் நலம்.
மீதி மூன்றில்தான் இருந்தது
சூயாக்கில் மாதாம் ஃபிலிப்பீனின் தகரக் கூரை,
முதல் காற்றிலேயே பறந்தது,
அவர் கட்டிய சந்தா, கோரிக்கை எண்.
"என் பேர் உங்களிடம் இருக்கிறதா?" என்று அழைத்தார்.
"இருக்கிறது" என்றேன், பார்க்காமலே.

விற்றவர்களிடம் புகார் பதிந்தேன், அதிஅவசரம் என்று.
நான்கு மணி நேரத்தில் பதில்:
பதிவுக் கோப்புகளை இணைக்கவும்.

அதற்குள் விகாஷ்னி
போர்ட் லூயிஸ் காவலர் வேலாய்தோனைப் பிடித்துவிட்டாள்.
டார்ச்சோடு இறங்கிப்போய்ப் பார்த்தார் மனிதர்.
"ஒரு விளக்கும் எரியவில்லை, மாத்மோசெல்.
முழங்கால் வரை தண்ணீர்."

அந்த ஒரு வாக்கியத்தை நம்பி
பிடியை விடு என்று தட்டினேன்,
கட்டாயம் என்ற சொல்லையும் சேர்த்து.
பதினோரு நொடி.
ஃபிலிப்பீன். சூயாக். பதினாறு தகரம்.

அறிக்கையில் நிறை ஏழு, குறை நான்கு.
பரிந்துரை: உரிமத்தைப் புதுப்பிக்கலாம்.
அதை மனதார எழுதினேன்; பதினொரு சாவுக்கும்
எழுந்து ஓட எனக்கும் வயதில்லை.
ஐந்தாவதாக எழுதிய குறையின் ஓரத்தில்
திபோ சிவப்பில் கேட்டிருந்தான்:
டார்ச் என்பது எந்த மென்பொருள்?

அந்த வரியை எடுத்தேன்.
இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட்டது.