பத்து மீட்டர்

சிலிம் ரிவர் ஆஸ்பத்திரி, எலும்புப் பிரிவின் பின்தாழ்வாரம்.
மஞ்சள் டேப் ஒட்டிப்
பத்து மீட்டர் அளந்து வைத்திருக்கிறோம்.
ஏழாவது மீட்டரில் சிமெண்ட் கொஞ்சம் புடைத்திருக்கும்.
அந்த இடத்தில் நல்ல கால்காரர்களும் ஒரு கணம் தடுமாறுவார்கள்.
அதைக் கழித்துக்கொள்ளப் படிவத்தில் கட்டமில்லை.

தேவராயன், த/பெ சடையப்பன், ஐம்பத்திரண்டு.
தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டு.
குலை ஏற்றிய டிராக்டர் சரிந்து
வலது தொடையெலும்பு இரண்டானது.
உள்ளே ஒரு நீளக் கம்பி, நான்கு திருகு.
"நடங்கண்ணே" என்றேன்.
"பசியாறிட்டுதான் வந்தேன் மிஸ்ஸி,
எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கிறேன்" என்றார்.
நடந்தார்.

டாக்டர் ஹிஷாமுடின் இடுப்பைப் பார்த்தார்.
வலக்காலில் நிற்கையில் இடப்பக்கம் தாழ்கிறதாம்.
மதிப்பெண் இரண்டு, அதாவது மோசம்.
சியூ லிங்குக்கு இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை.
மடங்குவதற்கு முன் முட்டி ஒருமுறை யோசிக்கிறது என்றாள்.
ஒன்று.
நான் எதைப் பார்த்தேன்?
அயர்ன் செய்த சட்டையை.
தோள் சாய்கிறதா என்று பார்க்கப் போய்
மடிப்புக் கலையாத கையிடமே கண் நின்றுவிட்டது.
நானும் இரண்டு என்று போட்டேன்,
டாக்டரின் பேனா அசைந்ததைப் பார்த்த பிறகு.

சராசரி எடுத்துவிடலாம் என்றார்கள்.
ஒன்று புள்ளி ஆறு ஆறு.
அது யாருடைய கால்?

கைப்பேசியில் எடுத்ததை மெதுவாக ஓட்டினோம்.
மெதுவாக ஓட்டினால் உலகமே நொண்டுகிறது.
டாக்டர் தன் நடையையும் எடுக்கச் சொல்லிப் பார்த்தார்.
அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெயரை மறைத்து
அதே பதிவுக்கு மறுபடி மதிப்பெண் போடச் சொன்னார்கள்.
சுழியம் போட்டேன்.
சியூ லிங்கோடு ஒத்துப்போகாதது போகட்டும்,
என்னோடு நானே ஒத்துப்போகவில்லை.
இரவு வேலை முடித்து வந்த கண் ஒன்று,
தூங்கி எழுந்து வந்த கண் இன்னொன்று.
இரண்டுக்கும் ஒரே பட்டம், ஒரே சம்பளம்.

வெள்ளிக்கிழமை பாசார் மாலாமில் அவரைப் பார்த்தேன்.
முதுகுதான் தெரிந்தது.
அப்பம் பாலிக் கடைக் கம்பம், அடுத்து கேஸ் சிலிண்டர்,
அடுத்து யாருடைய மோட்டார்சைக்கிள் சீட்டோ,
கைக்குக் கை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்.
இடுப்பு தாழ்ந்தது. முட்டியும் யோசித்தது. தோள் சாய்ந்தது.
மூன்று பேரும் சரிதான், சனியனே, என்று நினைத்தேன்.

எதிரே குத்தகைக்காரர் பாலையா வந்தார்,
கையில் கரும்புச் சாறு.
தேவராயனின் கை சீட்டை விட்டது.
நிமிர்ந்தார்.
நடந்தார்,
தாழ்வாரத்தில் நடந்த அதே நடை.

பாலையாவிடம் டேப்பும் இல்லை, படிவமும் இல்லை.
உறிஞ்சுவதை நிறுத்தாமல்
ஜப்பான் சிலிப்பரை ஒரு பார்வை பார்த்தார்.
இடது குதி தேய்ந்து வெயில் தெரியும் போலிருந்தது.
வலது நேற்று வாங்கியது மாதிரி.
"மாசக் கடைசியில பார்க்கலாம்ண்ணே" என்றார்.
நான் மக்காச்சோளக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பதிவை மூன்றாவது தடவை போட்டேன்.
இடுப்பை விட்டேன், முட்டியை விட்டேன்.
ஏழாவது மீட்டரை மட்டும் பார்த்தேன்.
எல்லாரும் தடுமாறும் அந்தப் புடைப்பில்
அவர் மட்டும் தடுமாறவில்லை.
பாதம் அதற்கு முன்பே உயர்ந்து, தாண்டி, இறங்கியது,
வீட்டுப் படியில் இறங்குவதுபோல.
எத்தனை சாயங்காலம் தனியாக வந்து நடந்திருப்பார்?

இத்தனை நாளும் ஒலியை அணைத்துத்தான் பார்த்திருக்கிறோம்.
நடைக்கு எதற்கு ஒலி?
திறந்தேன்.
சக்கர நாற்காலியின் கிறீச், யாரோ மலாயில் எண் கூப்பிடுவது,
சிலிப்பர் சத்தம், ஒன்று கனமாக, ஒன்று அவசரமாக.
மூச்சுச் சத்தம் இல்லை.
பத்து மீட்டருக்கும் இல்லை.
டேப் முடிந்து, அவர் படத்தை விட்டு வெளியேறி,
வெறும் தரை தெரிகிற நேரத்தில்
ஒரு நீளமான
ஹா.

கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.
டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.