நான்காம் இரவு

பிப்ரவரியிலேயே கேட்டுவிட்டார்கள்,
ஆகஸ்டில் பனி இருக்குமா என்று.
இருக்கும், இல்லாமலும் இருக்கும் என்றெழுதி
இமோம்யோரிடம் காட்டினேன்.
"இதற்கா காசு தருவார்கள்?" என்றான்.

கோரோக் நகரில் எங்கள் அலுவலகம்
பல்பொடிக் கடைக்கு மேலே ஓர் அறை.
மேஜையில் விரித்த வரைபடம்
சோவியத் ராணுவத்தினுடையது.
மடிப்புகளில் கிழிந்து
இரண்டு பள்ளத்தாக்குகள் உதிர்ந்துபோயின.
அதில் பனியாறு இன்னும்
பழைய நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.
இமோம்யோர் அதன்மேல்
தேநீர்க் கோப்பையை வைத்தான்.
"இதுவரைக்கும் இப்போது வெறும் கல்."
கோப்பையை எடுத்தபோது
உப்புத் தேநீரின் வட்டக் கறை.
இந்த வருடம் அதுதான் எங்கள் எல்லைக்கோடு.

முதல் நாள் சுலபம். ஜீப் போகும்,
பாலம் இருந்தால்.
இரண்டாம் நாள் ஆறு.
விடியலில் முழங்கால்,
மதியம் இடுப்பு,
மாலையில் அது யார் பேச்சையும் கேட்காது.
ஆறு பேரையும் நான்கு மணிக்கு எழுப்ப வேண்டும்.
ஸ்லொவேனியாவில் நான்கு மணிக்கு எழுவார்களா,
தெரியாது.
'அதிகாலை அனுபவம்' என்று போட்டேன்.

இருபதாம் தேதிக்கு முன் வரமாட்டேன் என்கிறார்
கழுதைக்காரர் சுல்தோன்நசர்.
கூரை முழுக்க ஆப்ரிகாட் காய்கிற நேரமாம்.
"மலை எங்கேயும் ஓடிவிடாது, பழம் அழுகிவிடும்."
'தவிர்க்க இயலாத காரணங்களால்
பயணத் தேதி மாற்றப்படுகிறது.'
அந்த வாக்கியத்தில் ஒரு பழம்கூட இல்லை.

ப்ரெடா என்றொரு பல் மருத்துவர்
தினம் ஒரு கேள்வி அனுப்புகிறார்.
கழிப்பறை? குழி.
கணவாயின் உயரம்? நாலாயிரத்து எழுநூறு.
கால் உடைந்தால் ஹெலிகாப்டர் வருமா?
வரும் என்று எழுதினேன்.
அழித்தேன்.
வானம் ஒத்துழைத்தால் என்று எழுதினேன்.
அதையும் அழித்தேன்.
கழுதை வரும் என்று எழுதியதை
அழிப்பதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

இரண்டு நாள் பதிலில்லை.
இரண்டு நாளும் இமோம்யோர் என்னோடு பேசவில்லை.
ஆறு பேர், பத்து நாள், முன்பணம்;
அவன் மகளின் துஷான்பே விடுதிக் கட்டணம்
அதற்குள்தான் இருந்தது.
மூன்றாம் நாள் ஒற்றை வரி:
கழுதையின் பெயர் என்ன?

மாவுக் கணக்கு முடிந்தது.
உலர்ந்த மல்பெரி இடித்து ஐந்து கிலோ,
தயிர் உருண்டை, சர்க்கரை, மண்ணெண்ணெய்,
எல்லைக் காவலுக்கு அனுமதிச் சீட்டின் ஏழு நகல்,
ஏழாவது எதற்கென்று யாரும் கேட்டதில்லை.
எல்லாம் எழுதியாயிற்று,
நான்காம் இரவைத் தவிர.

வழக்கமான புல்வெளியில்
போன கோடையில் ஓர் ஏரி முளைத்திருக்கிறது.
மேலே தங்கினால் கல் உருளும்.
கீழே தங்கினால்
அந்த ஏரி எப்போது மனம் மாறும் என்று
யாருக்குத் தெரியும்?
எங்கே கூடாரம் போடலாம் என்றேன்.
இமோம்யோர் கறையை நகத்தால் சுரண்டினான்.
"போய்ப் பார்த்தால்தான்."
ஜூனில், சொந்தக் காசில், இரண்டு பேர்.

ஒன்பது வருடமாக
அந்தக் கணவாய்க்கு 'கண்கொள்ளாக் காட்சி' என்று
எழுதிவருகிற என் கண்
அதைக் கண்டதேயில்லை.
எனக்குத் தலைசுற்றும் என்பார்கள்.
கணக்கு பார்க்க ஆள் வேண்டும் என்பார்கள்.
நானும் அதையே சொல்வேன்.

"இரண்டாவது ஆள் யார்?" என்று கேட்டேன்.
மருமகனைச் சொன்னான், பிறகு
அவனுக்கு முதுகுவலி என்றும் சொன்னான்.
நான் சும்மா இருந்தேன்.
அவன் என் செருப்பைப் பார்த்தான்.

சாயங்காலம் சுல்தோன்நசருக்கு அழைத்தேன்.
"கழுதைக்கு எதற்குப் பெயர்?
கூப்பிட்டால் வந்துவிடவா போகிறது?"
அதை அப்படியே ப்ரெடாவுக்கு அனுப்பினேன்,
ஆப்ரிகாட் விஷயத்தையும் சேர்த்து.

பிறகு பென்சிலைச் சீவி
நான்காம் இரவுக்கு எதிரே
கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு
என் காலின் அளவை
பல்பொடிக் கடைக்காரரிடம் சொல்லப் போனேன்.
அவர் மச்சான் பூட்ஸ் விற்கிறார்.