மூன்றாம் முறை

அரிசியை மூன்று முறை பொறுக்க வேண்டும்.
வெள்ளைத் துணி விரித்து, பகல் வெளிச்சத்தில்,
பிள்ளைகளைப் பக்கத்தில் அண்டவிடாமல்.
கல்லுக்காக அல்ல. கல் இருந்தால் பல்தான் போகும்.
கோதுமைக்காக.
ஒரே ஒரு மணி ஒளிந்து வந்து
நனைந்து, உப்பி, புளித்துவிட்டால்
எட்டு நாளும் போச்சு.

எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை.
போலந்திலிருந்து கப்பலேறிய அப்பாவின் ஆட்கள்
பஸ்காவுக்கு அரிசியையே தொடமாட்டார்கள்.
அவித்த உருளைக்கிழங்கு, வறுத்த உருளைக்கிழங்கு,
முட்டையோடு பிசைந்து சுட்ட உருளைக்கிழங்கு.
ரஃபூலின் ஆட்கள் அலெப்போக்காரர்கள்.
சோறில்லாத பண்டிகைக்கு
அவர்கள் வைத்த பெயர் துக்கவீடு.

கல்யாணமானால் புருஷன் வீட்டு வழக்கம். சட்டம் எளிது.
நாக்குக்குத்தான் இன்னும் தாக்கீது போய்ச் சேரவில்லை.

முதல் முறை: இரண்டு கறுப்பு விதை, கொஞ்சம் உமி.
இரண்டாம் முறை: ஒன்றுமில்லை.
மூன்றாம் முறை, பாதித் துணியில், தொலைபேசி.
"என்ன செய்கிறாய்?"
"பொறுக்குகிறேன், அப்பா."
"எத்தனையாவது?"
"மூன்றாவது."
"அப்படியானால் அதைச் சாப்பிடத்தான் போகிறாய்."
ஜன்னலுக்கு வெளியே பிளேன் மரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன.
வசந்தத்தின் பண்டிகை எங்களுக்கு இலையுதிர்காலத்தில் வரும்,
புவனோஸ் ஐரிஸில் எல்லாமே தலைகீழ்.
"சாப்பிடுவேன்" என்றேன்.
வைத்துவிட்டார்.
மீதித் துணியைப் பார்த்தேன்.
பார்த்தது துணியை மட்டும்தான்.
அப்படியே அள்ளிப் பானையில் போட்டேன்.

பொழுது சாயுமுன் அவரே வந்தார்,
பதினோரு பேர் மேசைக்கு
ஒருவருக்கான கிழங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு.

செலரித்தண்டை உப்புநீரில் தோய்த்தோம்.
லெட்டூஸின் அடித்தண்டில் கசப்பு, அதன்மேல் பேரீச்சைச் சாந்து.
புளிக்காத அப்பம் பதினோரு வாய்களில்
ஒரே நேரத்தில் ஓடு உடைந்தது.
இரண்டாம் கோப்பைக்குப் பின் சோறு வந்தது,
ஆட்டுக்கறியை அணைத்துக்கொண்டு, எண்ணெயில் மினுங்கி,
ஒன்றோடொன்று ஒட்டாமல்.

அப்பா வாங்கவில்லை. பார்த்தார்.
சாப்பிடாதவன் கண்ணுக்குத்தான் தட்டு முழுதாகத் தெரியும்.
நான் கரண்டியைத் தூக்குமுன்
என் தட்டின் ஓரத்தை அவர் முட்கரண்டி தொட்டது.
பருத்து, வயிறு பிளந்து, நடுவில் கோடு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
அது பதமும் சொல்லும், தீர்ப்பும் சொல்லும்.

செலிம் வாதாடினான்:
"மதியமே வெந்தது, பண்டிகை பிறக்குமுன்.
அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. செல்லும்."
என் மாமியார் லத்தீஃபே கரண்டியைக் கீழே வைத்தாள்.
"புத்தகத்தில் செல்லும்.
என் தொண்டையில் செல்லாது."

பானை கழிவறைக்குப் போனது.
நான்கு கோப்பை அருந்தும் இரவில்
நான்கு முறை தண்ணீர் இழுக்கும் சத்தம்.
பிள்ளைகள் தங்கள் நான்கு கேள்விகளை
எப்போதோ கேட்டு முடித்திருந்தார்கள்.
சின்னவனிடம் ஐந்தாவது ஒன்று இருந்தது:
"யார் பொறுக்கினது?"

நான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் அப்பா துண்டை அவிழ்த்தார்.
"கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும்" என்றார்,
"இந்த இரவு அதற்குத்தான்.
உன் சித்தி இரண்டரை முறை பொறுக்கினாள்.
மீதி அரையை நான் தொலைபேசியில் கெடுத்தேன்."

பிறகு கிழங்கைப் பதினோரு துண்டாக்கினார்.
ஆளுக்கு ஓர் ஆலிவ்காய் அளவு.
கடமைக்குப் போதும். பசிக்கு எட்டாது.

ஆக, நான் சோறு சாப்பிடவில்லை, அவர் விரும்பியபடியே.
அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை,
வெட்டும்போது கத்திதான் இரண்டு முறை வழுக்கியது.

லத்தீஃபே தன் துண்டை வெகுநேரம் மென்றாள்.
"உப்பு பற்றாது" என்றாள்.
அப்பா உப்புநீர்க் கிண்ணத்தை
அவள் பக்கம் நகர்த்தினார்.