மூன்றில் ஒரு கோடு

பப்னிகோவில் பனி உருகி ரோடெல்லாம் சேறு.
வேனை வளைவிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.
லியோனி தாந்த்ரமோன் வீட்டில் புது டிவி,
நாற்பத்தாறு அங்குலம், ஹெச்.டி.
குறை என்னவென்றால்
படம் நடுவில் தபால் கார்டு மாதிரி நிற்கிறது,
நாலு பக்கமும் கறுப்பு.
"இத்தனை காசு கொடுத்தது இருட்டைப் பார்க்கவா?" என்றாள்.

சோபாவின் மறுமுனையில் அவள் நாத்தனார் ஓடில்,
கோட்டைக் கழற்றாமல்,
சாட்சி சொல்ல வந்தவள் போல.

எண்பத்து மூன்றில் இந்தப் படகுத்துறையில் ஒரு சினிமா எடுத்தார்கள்.
யாரும் பெரிதாகப் பார்க்காத படம்.
கதாநாயகன் படகிலிருந்து இறங்குவான்;
இடது ஓரத்தில் சிவப்புத் தலைக்குட்டை கட்டிய ஒருத்தி
மீன் பெட்டியைச் சுமந்து போவாள்.
நாலு விநாடி.
அன்று இரண்டு தடவை எடுத்தார்கள்,
ஒரு தடவை லியோனி, ஒரு தடவை ஓடில்.
குட்டை ஒன்றுதான். கை மாறியது.

டிவியில் போட்டபோதெல்லாம்
பழைய பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்று
இரண்டு ஓரத்தையும் நறுக்கியிருந்தார்கள்.
பெட்டியின் மூலை வரும். ஒரு முழங்கை வரும்.
அந்த முழங்கையை வைத்தே இருபத்தாறு வருஷம்
கிறிஸ்துமஸ் தவறாமல் வழக்கு.

இப்போது யார்மத் கடையில் மூன்று டாலருக்கு டிவிடி.
அட்டையில் 'அகலத்திரை' என்றிருக்கிறது.

பொய்யில்லை என்றேன். ஆனால் பழைய ரகம்,
கறுப்புப் பட்டையையும் படமென்று நினைத்துச் சேர்த்தே பதித்தது.
நானூற்றெண்பது கோட்டில்
இருநூற்று எழுபத்திரண்டுதான் சினிமா.
மிச்சம் இருட்டுக்குச் செலவாகிவிட்டது.

ஜூம் அழுத்தினேன்.
படம் இரண்டு பக்கமும் இடிக்க விரிந்தது.
குட்டைக்காரியைக் காணோம்.
ஓடில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

டிவியின் குணம் அது,
ஓரத்தில் கொஞ்சம் தானாகவே விழுங்கிக்கொள்ளும்.
மெனுவில் மூன்று அடுக்கு இறங்கி அணைத்தேன்.
வந்தாள்.

பெட்டி இடுப்பில். குட்டை சிவப்பு.
சிவப்பைச் சுற்றி யாரோ சுண்ணாம்பால் வரைந்தாற்போல் ஒரு விளிம்பு.
ஷார்ப்னெஸைக் குறைத்தேன், விளிம்பு போயிற்று.
முகம்,
குளித்து முடித்த சோப்பு.

"இது யார்?"
திரையைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள்.

தட்டில் இருப்பது ஒரு கோடு என்றேன்,
இந்த அகலத்துக்கு டிவி கேட்பது மூன்று.
மேலே ஒன்றைப் பார்த்து, கீழே ஒன்றைப் பார்த்து
நடுவில் இரண்டை அதுவே எழுதிக்கொள்கிறது.
கண் எங்கே முடிகிறது, புருவம் எங்கே தொடங்குகிறது,
அதற்குத் தெரியாது. பக்கத்து நிறத்தைப் பார்த்து ஒப்பேற்றுகிறது.

"அப்போ இவளில் முக்கால்வாசி யாருமே இல்லை," என்றாள் லியோனி.
மூன்றில் இரண்டு பங்கு, என்று திருத்தியிருக்கலாம்.
"மிச்சம் நான்," என்றாள் ஓடில்.
"நடையைப் பார். அண்ணனுடைய பூட்ஸ்,
இரண்டு சைஸ் பெரிசு, இழுத்து இழுத்து நடக்கிறேன்."
"உன் அண்ணன் பூட்ஸ்தானே?
அவரைக் கட்டிக்கொண்டவள் போட்டிருக்க மாட்டாளா?"

நிறுத்தினார்கள். பின்னால் ஓட்டினார்கள்.
பெட்டி படகுக்குத் திரும்பியது,
மறுபடி இறங்கியது.

ப்ளூ-ரே வந்தால் தெரியுமா என்று ஓடில் கேட்டாள்.
நெகட்டிவைத் தேடி எடுத்து
புதிதாக ஸ்கேன் செய்தால் தெரியும் என்றேன்.
அதில் இடைக்கோடுகளும் உண்மையாகவே இருக்கும், புருவம் உட்பட.
மூன்று டாலர் படத்துக்கு அதை யார் செய்வார்கள் என்பதைச் சொல்லவில்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காபி வந்தது. ஓடிலும் தனியாக ஒன்று போட்டுக் கொண்டுவந்தாள்.
இரண்டையும் குடித்தேன்.
அறுபது டாலர் பில்.

லியோனி சில்லறை எடுக்க உள்ளே போனாள்,
ஓடில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.
ரிமோட்டை எடுத்து
ஷார்ப்னெஸை இன்னும் இரண்டு புள்ளி இறக்கினேன்.
வேண்டிய அளவுக்குக் கீழேதான்.
பூட்ஸும் கொஞ்சம் கரைந்தது.